மரம் இறங்கிய தண்டவாளம் நடைபாதை ஆன கதை

கொடைக்கானலுக்கு மேற்கே, பழனிமலைத் தொடர் மூணாறு மலைகளோடு சேரும் விளிம்பில் டாப் ஸ்டேஷன் இருக்கிறது. சுமார் 1,700 மீட்டர் உயரம். எட்டிப் பார்த்தால் கீழே குரங்கணி, கொட்டகுடி, அதற்கும் அப்பால் போடிநாயக்கனூர்ச் சமவெளி. முதல்முறை போகிறவர்கள் ஸ்டேஷன் எங்கே என்று தேடுவார்கள். தண்டவாளமோ நடைமேடையோ கண்ணில் படாது. ஆனால் அங்கே நிஜமாகவே ரயில் வந்து நின்றது. மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலையைச் சுமந்து வந்த அந்தச் சின்ன ரயிலை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் கொண்டுபோனது. அதன் பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மலையில் ஓடிய ஒரு ரயில் நின்றுவிட்டால் அது போன வழி என்ன ஆகும்? காடு மூடும், அல்லது தார்ச்சாலை ஆகும், அல்லது யாராவது வேலி போட்டுக்கொள்வார்கள். நான்காவதாக ஒன்றும் உண்டு. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்த மண்மேடையை அப்படியே நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் திறந்துவிடுவது. அமெரிக்காவில் இதை ரெயில் டிரெயில் என்கிறார்கள். இவற்றில் கணிசமானவை ஒரு காலத்தில் காட்டு மரங்களை வெட்டி இறக்கப் போட்ட பாதைகள், அல்லது மர ஆலைகளை நம்பி ஓடிய பாதைகள். காட்டை மொட்டை அடித்த பாதையிலேயே இன்று மக்கள் காடு பார்க்கப் போகிறார்கள். இது எப்படி நடந்தது, நம் மலைகளில் ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

மலை ரயில் விட்டுச்செல்லும் சொத்தில் இரும்பு பெரிதில்லை. இரும்பை எடைக்குப் போட்டுவிடலாம். வாட்டம்தான் பெரிது. கொத்தனார் மொட்டை மாடியில் தண்ணீர் ஓடப் பார்த்துப் பார்த்து வைக்கிறாரே, அதே வாட்டம். பாறையை உடைத்து, பள்ளத்தை மேடாக்கி, கிலோமீட்டர் கணக்கில் ஒரே சீராக ஏறும் ஒரு மேடையை மனிதர்கள் கையால் வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் போனாலும் அது அங்கேயேதான் இருக்கிறது.

மரத்துக்கு எதற்கு ரயில்?

காட்டில் மரத்தைச் சாய்ப்பது வேலையில் சின்னப் பகுதி. சாய்த்ததை வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிக்கட்டையையும் வளையமாகச் செதுக்கிவிடுவார்கள். மரம் நின்றபடியே காயும், எடை குறையும். பிறகு வெட்டி, யானை கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்து, வெள்ளம் வரும் காலத்தில் மிதக்க விடுவார்கள். ஆறு பாறைகளில் விழுந்து அருவியாக இறங்கும் மலையில் இந்த வழி உதவாது. கட்டை உடைந்து சிதறும், இல்லையென்றால் இடுக்கில் சிக்கிக் கிடக்கும்.

பழனிமலைக்கு மேற்கே தொடரும் ஆனைமலையில் இதுதான் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும், பிறகு தண்டவாளத்தைத் தாங்கக் குறுக்கே போடும் ரயில்வே சிலிப்பர் கட்டைக்கும் இந்தத் தேக்குக்கு ஏகப்பட்ட தேவை இருந்தது. டாப்ஸ்லிப்பில் மலை விளிம்பில் இருந்து கட்டைகளைச் சரிவில் உருட்டி விட்டார்கள். அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் பிளந்துபோனவை, சிதைந்துபோனவை நிறைய இருந்திருக்கும். நல்ல மரத்துக்கு ஒரு நல்ல வழி வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருந்துதான் வருகிறது.

ரயிலின் பலம் எளிமையானது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. மண் சாலையில் ஒரு ஜோடி மாடு இழுக்கும் பாரத்தைவிடப் பல மடங்கு பாரத்தை அதே மாடுகள் தண்டவாளத்தில் இழுக்கும். மர ரயிலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாரம் எப்போதும் கீழ்நோக்கியே போகிறது, மேலே போவது காலி வண்டி. மலையே பாதி வேலையைச் செய்துவிடும்.

இதை முழுதாகப் பயன்படுத்தியது கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே. சாலக்குடியில் இருந்து பரம்பிக்குளம் காடு வரை சுமார் 80 கிலோமீட்டர். 1907இல் இயங்கத் தொடங்கி 1963 வரை ஓடியது. சாலக்குடியில் நிறுத்தியதற்குக் காரணம், 1902இல் திறந்த சொரனூர்–கொச்சி ரயில் அந்த ஊர் வழியாகப் போனது. காட்டில் ஏற்றிய தேக்கும் ஈட்டியும் அங்கே இறங்கிப் பெரிய ரயிலில் ஏறித் துறைமுகம் போகும். மட்டமான பகுதிகளில் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல் நிறுவனத்தின் நீராவி எஞ்சின்கள் இழுத்தன. செங்குத்தான இடங்களில் எஞ்சினே இல்லை.

எஞ்சின் இல்லாமல் எப்படி? எனக்கு இந்த டிராம்வேயில் மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நின்று சொல்கிறேன். மலைச்சரிவில் மேலிருந்து கீழாக நேராகத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். உச்சியில் ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய கம்பி வடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டி மேலே நிற்கும், மறுமுனையில் காலி வண்டி கீழே நிற்கும். மேலே நிற்கும் பார வண்டியை விடுவித்தால் தன் எடையிலேயே அது இறங்கும். இறங்கும் வேகத்தில் காலி வண்டியை மேலே இழுத்துவிடும். கிணற்றுக் கப்பியில் இரண்டு வாளி கட்டினால் ஒன்று இறங்க மற்றது ஏறுமே, அதே கதைதான். கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். உருளையின் பிரேக் மட்டும் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். பல டன் மரம் சரிவில் கட்டுப்பாடு இழந்தால் கீழே நிற்கும் ஆளுக்குத் தப்ப நேரம் இருக்காது. பிரேக்கில் நின்றவரின் கையில்தான் எல்லோர் உயிரும் இருந்தது.

இப்படிப்பட்ட சரிவுகள் அந்த வழியில் பல இருந்தன. ஒரு பகுதி மட்டம், அப்புறம் ஒரு செங்குத்து இறக்கம், மறுபடி மட்டம் என்று படிப்படியாக மரம் இறங்கியது. நடைபாதை பற்றிப் பேசும்போது இது நினைவில் இருக்கட்டும். மட்டப் பகுதிகள் நடக்க அருமையாக இருக்கும். வடம் இழுத்த சரிவுகளில் மனிதர் ஏறுவது வேறு விஷயம்.

காட்டுக்கு என்ன ஆனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மரம் இறங்கும் வேகம் கூடியதும் காடு சுருங்கும் வேகமும் கூடியது. பரம்பிக்குளத்தில் கன்னிமரா தேக்கு என்று ஒரு மரம் இன்னும் நிற்கிறது. அடிமரத்தின் சுற்றளவு ஆறு மீட்டருக்கும் மேல். வயது 400 ஆண்டுகளைத் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். கோடாரி பட்டதும் ரத்தம் கசிந்தது என்றும், அதனால் வெட்டாமல் கும்பிடத் தொடங்கினார்கள் என்றும் அங்குள்ள பழங்குடி மக்கள் சொல்வார்கள். அதன் பக்கத்தில் நின்று பார்த்தால் வண்டியேறிப் போன மரங்கள் எப்படிப்பட்டவை என்று புரியும். இந்தப் பக்கம் டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரத்தை வேரோடு அழிக்காமல் அடிக்கட்டையில் இருந்து துளிர்க்க விடும் முறையைக் கொண்டுவந்தார், புதிதாகத் தேக்கும் வளர்த்தார். 1933இல் குன்னூரில் இறந்தார். அவர் விரும்பியபடி டாப்ஸ்லிப் தேக்குகளுக்கு நடுவிலேயே அவர் கல்லறை இருக்கிறது.

வாட்டத்தின் கணக்கு

100 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் உயர்வது ஒரு சதவீத ஏற்றம். நடக்கிறவருக்கு ஏறுவதே தெரியாது. சாதாரண ரயில் பாதைகள் பெரும்பாலும் இதை ஒட்டியே இருக்கும், மலைப்பகுதியில் இரண்டு மூன்று சதவீதம் வரை போகும். வழுக்குத்தன்மைதான் காரணம். உராய்வு குறைவு என்று சற்று முன் சொன்ன அதே நன்மை, ஏற்றம் கூடினால் எதிரியாகிவிடும். சக்கரம் பிடிமானம் இல்லாமல் நின்ற இடத்தில் சுழலும்.

நீலகிரி மலை ரயில் விதிவிலக்கு. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.28 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் இடங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எட்டு சதவீதம். அதற்காகத்தான் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டையும், அதைக் கவ்விப் பிடிக்கும் பல் சக்கரமும்.

இந்தக் கணக்கைக் கொடைக்கானலுக்குப் போட்டுப் பாருங்கள். வத்தலக்குண்டுச் சமவெளியில் இருந்து கொடைக்கானல் வரை தோராயமாக 1,800 மீட்டர் ஏற வேண்டும். ஒரு சதவீத வாட்டத்தில் ஏறினால் பாதையின் நீளம் 180 கிலோமீட்டர் வரும். நீலகிரி மாதிரி எட்டு சதவீதத்தில் ஏறினால் 22 கிலோமீட்டர் போதும், ஆனால் பல் பட்டை இல்லாமல் முடியாது. கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் ஊரில் இருந்து 80 கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியிலேயே நிற்பதன் பின்னால் இந்த எண்களும் இருக்கின்றன.

ரயில் வருவதற்கு முந்தைய வழிகள் எப்படி இருந்தன என்று பார்க்க வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவிக்குப் போகலாம். கும்பக்கரையில் இருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் அந்த வழி மனிதக் காலும் குதிரைக் குளம்பும் போட்டது. அரிசி மூட்டை குதிரை முதுகில் ஏறும், நோயாளியைத் தோளில் தூக்கி இறக்குவார்கள். தெய்வம் குடியிருக்கும் ஊர் என்பதால் வெள்ளகவிக்குள் செருப்புப் போட மாட்டார்கள். அங்கே ஏற்றம் 100 மீட்டருக்கு 20, 30 மீட்டர் என்றெல்லாம் போகும். கால் மனிதனுக்குச் சொந்தம் என்பதால், மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம் என்ற துணிவில் போட்ட வழி. ரயில் பாதை அப்படி நிற்க முடியாத ஒரு பாரத்துக்காகப் போட்டது. அதனால்தான் முதியவர்கள், குழந்தைகள், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் எல்லோரும் பழைய ரயில் பாதையில் மலைக்குள் போக முடிகிறது. வெள்ளகவி வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் முழங்கால் வலியுள்ள ஒருவரை அதில் கூட்டிப்போக முடியாது.

எல்லா மர ரயில்களும் நல்ல வாட்டத்தோடு கட்டப்பட்டவை இல்லை. காட்டுக்குள் மரம் வெட்டும் இடத்துக்குப் போகும் கிளைப் பாதைகள் தற்காலிகமானவை. சிலிப்பர் கட்டைகளைத் தரையில் பரப்பி, மேலே தண்டவாளத்தை அடித்து, அந்தப் பக்க மரம் முடிந்ததும் கழற்றி அடுத்த சரிவுக்குக் கொண்டுபோவார்கள். இப்படிப்பட்ட கரடுமுரடான பாதைகளுக்காகவே அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த மர வியாபாரி எஃப்ரைம் ஷே ஒரு எஞ்சினை உருவாக்கி 1881இல் காப்புரிமை பெற்றார். பற்சக்கரத் தண்டு வழியாக எஞ்சினின் எல்லாச் சக்கரங்களுக்கும் விசை போகும். வேகம் கிடையாது, ஆனால் பத்து சதவீத ஏற்றத்தையும் கூர்மையான வளைவையும் சமாளிக்கும். இந்தக் கிளைகள் காட்டோடு கலந்து மறைந்துவிட்டன. நடைபாதையாக மிஞ்சுவது பெரும்பாலும் ஆலையையும் வெளியுலகையும் இணைத்த தாய்ப் பாதைதான்.

நின்றபின் நடந்தவை

மர ரயிலின் முடிவு எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. எட்டும் தூரத்தில் பெரிய மரங்கள் தீர்ந்துபோகும். அதே சமயம் லாரி வரும். லாரிக்குத் தண்டவாளம் வேண்டாம், எந்தக் காட்டுச் சாலையிலும் நுழையும். கொச்சி டிராம்வேயும் நட்டத்தில் தள்ளாடித்தான் 1963இல் நின்றது.

அமெரிக்காவில் 1960களில் ஏராளமான கிளை ரயில்கள் இப்படி மூடப்பட்டன. 1963இல் மே தீல்கார்டு வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர், சிகாகோ அருகே கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையை மக்கள் நடக்க விட வேண்டும் என்று செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் இலினாய் பிரெய்ரி பாதைக்கு விதை. விஸ்கான்சின் மாநிலம் எல்ராய்க்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையே கைவிடப்பட்ட 51 கிலோமீட்டர் பாதையை வாங்கி, மூன்று சுரங்கங்களோடு 1967இல் சைக்கிள் பாதையாகத் திறந்தது.

இதில் பெரிய இடைஞ்சல் பொறியியலில் வரவில்லை, நிலத்தில் வந்தது. பல இடங்களில் ரயில் நிறுவனத்துக்கு நிலம் சொந்தமில்லை, ரயில் ஓட்டும் உரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றால் அந்த உரிமை முடிந்து, நிலம் இரு பக்கத்து நில உரிமையாளர்களிடம் திரும்பிவிடும். நூறு கிலோமீட்டர் பாதையில் நடுவே அரை கிலோமீட்டர் போனாலும் தொடர்ச்சி அறுந்துவிடும். அறுந்த பாதையைத் திரும்ப ஒட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். இதற்காக 1983இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. எதிர்காலத்தில் ரயில் திரும்ப வேண்டியிருக்கலாம் என்பதால் பாதையைக் கைவிட்டதாகக் கருதாமல் சேமித்து வைக்கலாம், அதுவரை மக்கள் அதில் நடக்கலாம் என்பது அதன் சாரம். நில உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். 1990இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அதே நேரத்தில், நிலத்தை இழந்தவர்கள் இழப்பீடு கேட்க வழியிருக்கிறது என்றும் சொன்னது. நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

மர ரயிலின் கதையை முழுசாகப் பார்க்க மேற்கு வர்ஜீனியாவில் கிரீன்பிரையர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். காஸ் என்ற ஊரில் 1901 வாக்கில் மர ஆலை வந்தது. மலை உச்சியின் ஸ்புரூஸ் மரங்களை ஷே எஞ்சின்கள் ஆலைக்கு இறக்கின. ஆலையில் இருந்து ஆற்றங்கரை ரயில் வெளியே கொண்டுபோனது. 1960இல் ஆலை மூடியது. மலைமேல் ஏறிய மர ரயிலை மாநில அரசு எடுத்து 1963இல் சுற்றுலா ரயிலாக ஓட்டத் தொடங்கியது. ஆற்றங்கரைப் பாதை 1978 இறுதியில் நின்றுபோய், பிறகு சுமார் 125 கிலோமீட்டர் நடைபாதையானது. முப்பதுக்கும் மேற்பட்ட பாலங்கள், இரண்டு சுரங்கங்கள், பெரும்பாலும் ஒரு சதவீத வாட்டம்.

1985 நவம்பரிலும் 1996 ஜனவரியிலும் வெள்ளம் வந்து அந்தப் பாதையைக் கிழித்துப் போட்டது. இரண்டு முறையும் சரிசெய்தார்கள். ரயில் நிறுவனத்துக்கு இப்படி ஒரு வெள்ளம் வந்தால் லாப நட்டம் பார்த்து மூடிவிடும். மூணாறில் 1924இல் அதுதான் நடந்தது. நடக்கிற மக்களுக்குப் பாதை தேவைப்பட்டால் வெள்ளத்துக்குப் பிறகும் அது பிழைக்கும்.

ஆசியாவில் பார்க்கத் தைவான். ஜப்பானியர் ஆட்சியில் அலிஷான் மலையின் சைப்ரஸ் மரங்களை இறக்க 1912இல் ரயில் திறந்தார்கள். அங்கும் ஷே எஞ்சின்கள்தான். தாய்ப் பாதை இன்று சுற்றுலா ரயில். 1999 நிலநடுக்கத்தில் சிதைந்த மியென்யுவே கிளைப் பாதையில் இப்போது மக்கள் நடக்கிறார்கள். தாய்ப்பிங்ஷான் மலையில் ஒரு குட்டிப் பாதையில் தண்டவாளத்தைக்கூட எடுக்கவில்லை, பாசி படர்ந்த இரும்புக்குப் பக்கத்திலேயே நடை.

பாதையாக்கும் வேலை

தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் முதலில் எடுப்பார்கள். பழைய கட்டைகள், மரம் மக்காமல் இருக்கப் பூசும் கிரியோசோட் எண்ணெயில் ஊறியவை. அடுப்பில் வைத்தால் நச்சுப்புகை வரும், தோட்டத்தில் போட்டால் மண்ணில் இறங்கும். பிறகு பெரிய ஜல்லியின் மேல் பொடிக்கல் பரப்பி உருளை ஓட்டி இறுக்குவார்கள். பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் வரும். சுரங்கத்தின் கூரையில் கல் உதிர்கிறதா என்று பார்ப்பார்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் தண்ணீர். மலையை வெட்டி மேடை எடுத்தால் சரிவில் இறங்கும் மழைநீர் முழுவதையும் அந்த மேடை குறுக்கே மறிக்கிறது. ரயில் ஓடிய காலத்தில் மலைப்பக்க ஓரமாக ஓடை வெட்டி, அங்கங்கே பாதைக்கு அடியில் சிறுபாலம் வைத்து நீரைக் கடத்தினார்கள். ஆட்கள் தினமும் வந்து தூர்வாரினார்கள். ரயில் நின்றதும் அந்த ஆட்களும் போய்விடுவார்கள். சிறுபாலத்தில் இலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். அடுத்த பருவமழையில் நீர் மேடையின் மேலேறி, வெளிப்பக்கத்தை அறுத்துக்கொண்டு இறங்கும். நம் மலைகளில் வடகிழக்குப் பருவமழை ஒரே இரவில் இதைச் செய்துவிடும். பழைய பாதையைக் காப்பாற்ற ஒரே ஒரு வேலைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், அதை ஓடைக்கும் சிறுபாலத்துக்கும் செலவழிக்கச் சொல்வேன்.

நம் பக்கம்

மூணாறு–டாப் ஸ்டேஷன் பாதை, அதாவது குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில், 1902இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கியது. சின்னச் சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், சாயாமல் தாங்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஓடும், மாடு இழுக்கும். 1908இல் இரண்டடி அகல ரயில் பாதையாக மாற்றினார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்குப் போனது. மரம் இறக்கிய பாதை இல்லை இது, ஆனால் இழந்த விதம் ஒன்றுதான். வெள்ளத்துக்குப் பின் சாலைகளும் அணைகளும் வந்தன. தொடர்ச்சியான ஒரு பாதையாக அதை யாரும் காத்து வைக்கவில்லை.

பரம்பிக்குளத்துக்கு வருவோம். அங்கே இருப்பது புலிகள் காப்பகம். டிராம்வே நிலையம் இருந்த குரியார்குட்டியில் 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி தங்கிப் பறவைகளைக் கணக்கெடுத்தார். அந்த 80 கிலோமீட்டரையும் நடைபாதையாகத் திறக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். அறுபது ஆண்டுகளில் காடு திரும்பி வந்த இடம் அது. யானையும் காட்டெருமையும் மட்டமான வழியையே விரும்பும், அந்த மேடை இப்போது அவற்றுக்குப் பயன்படட்டும். காடர், மலசர் பழங்குடிகளின் குடியிருப்புகளும் அங்கே இருக்கின்றன. முடிவெடுக்க வேண்டியவர்களில் அவர்கள் முதலில் வருகிறார்கள்.

நீலகிரி மலை ரயில் இன்னும் ஓடுகிறது, 2005 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஓடும் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம், கல்லாறு பக்கம் யானை வேறு. ரயில் அழகாக இருக்கிறதென்று அங்கே போய் நடக்காதீர்கள்.

பழனிமலையில் எனக்கு ஆசை இருக்கும் வழி வேறு. பேரிஜம் ஏரி தாண்டி டாப் ஸ்டேஷனை நோக்கிப் போகும் பழைய கொடைக்கானல்–மூணாறு சாலை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் வந்தால் தப்பிக்கும் வழி என்று வைத்திருந்ததால் எஸ்கேப் ரோடு என்றே பெயர். பல பத்தாண்டுகளாகப் போக்குவரத்துக்கு மூடிக்கிடக்கிறது. அதைத் திரும்பச் சாலையாக்க வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழும். வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சோலைக்காட்டுக்கும் புல்வெளிக்கும் நடுவே கார் வரிசை வந்தால் மிச்சமிருப்பதும் போகும். வனத்துறைக் காவலோடு, எண்ணிக்கை வரையறுத்து, ஒரு பகுதியை மட்டும் நடக்க விட்டால் வெட்டிவைத்த வாட்டமும் வீணாகாது, காடும் நெரிபடாது.

நெறி இல்லாமல் திறப்பது ஆபத்து என்பதை இந்த மலை பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 வழிகளை முறைப்படி அறிவித்து, இணையத்தில் முன்பதிவு, உடன்வர உள்ளூர் வழிகாட்டிகள் என்று ஏற்பாடு செய்தது. கோடையில் தீ அபாயக் காலத்தில் வழிகள் மூடப்படும். பழைய ரயில், டிராம்வே, குதிரை வழிகளையும் இந்தப் பட்டியலில் அவற்றின் வரலாறோடு சேர்க்கலாம். உள்ளூர் வழிகாட்டிகளில் சிலர் அந்தப் பாதைகளில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம், சொல்ல அவர்களிடம் கதை இருக்கும்.

அனுமதி உள்ள வழியில் நடக்கும்போது, காலடியில் இருப்பது பழைய ரயில் மேடையா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏற்றம் நெடுந்தூரம் மாறாமல் ஒரே சீராக இருக்கும். வளைவுகள் அகலமாக இருக்கும், கொண்டை ஊசி வளைவு வராது. மலை மூக்கு நீட்டும் இடத்தில் பாதை சுற்றிப் போகாமல் பாறையை வெட்டி நுழையும், அடுத்த பள்ளத்தில் அந்தக் கல்லே மேடாகக் கிடக்கும். தரையைக் காலால் கிளறினால் ஒரே அளவு ஜல்லி தட்டுப்படும். ஓடைகளில் மேல்தளம் போய், இரு கரையிலும் கல் கட்டிய முட்டுச்சுவர் மட்டும் நிற்கும். அதன்மேல் ஏற வேண்டாம். கற்களுக்கு இடையில் இருந்த சுண்ணாம்பு பல இடங்களில் கரைந்துபோயிருக்கும். கீழே இறங்கி ஓடையைக் கடந்து, மறுகரையில் மேடையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.